மங்கை மேடம் வெளியே சொல்லாத ஒன்று

மங்கை மேடம் இறந்துபோன செய்தி வந்தபோது நான் சேந்தமங்கலம் பஸ் ஸ்டாண்டில் மலைக்குப் போகும் பஸ்ஸுக்காக நின்றிருந்தேன். கைப்பேசியில் அவருடைய தம்பி பேசினார். "அக்கா காலையில போயிட்டாங்க. சாயங்காலம் எடுக்கிறோம். நீங்க இப்பவே கிளம்பினா முகம் பாத்துக்கலாம்" என்றார். "சரிங்க" என்று சொல்லி வைத்துவிட்டேன். எதிரே சேலம் போகும் பஸ் ஒன்று புறப்படத் தயாராக நின்றது. அதன் கண்டக்டர் என்னைப் பார்த்து, "வாரீங்களா?" என்று கேட்டார். இல்லை என்று தலையாட்டினேன். மலைப் பஸ்ஸில் ஏறி வீட்டுக்கு வந்து சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன். ஆறு வருஷம் கூட இருந்து வேலை செய்தவன், கடைசியாக முகம் பார்க்கக்கூடப் போகவில்லை. ஏன் போகவில்லை என்று நீங்கள் பலரும் என்னிடம் கேட்டீர்கள். அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

அவரிடம் படித்தவர்களும் பழகியவர்களும் சேர்ந்து போடும் இந்தச் சிறிய மலரில் அவருடைய பொறுமையையும் திறமையையும் பற்றி நிறையப் பேர் எழுதுவார்கள். எழுதட்டும், எல்லாம் உண்மைதான். என்னிடம் இருப்பது வேறு. படித்துவிட்டு என்னைத் திட்டத் தோன்றினால் தாராளமாகத் திட்டுங்கள்.

என்னைத் தெரியாதவர்களுக்காக: என் பெயர் முத்துசாமி. மலையில் கேட்டால் கண்டக்டர் என்றுதான் சொல்வார்கள். சேந்தமங்கலத்திலிருந்து செம்மேட்டுக்கு அந்த எழுபது வளைவிலும் பதினாலு வருஷம் விசில் ஊதியவன். ஒரு மழைநாளில் படியில் வழுக்கி விழுந்து இடுப்பு போனது. அதற்குப் பிறகு ஓடுகிற பஸ்ஸில் நிற்க முடியவில்லை. வீட்டில் மூலையில் கிடந்தேன். தொண்ணூற்றெட்டு வாக்கில் மங்கையர்க்கரசி என்ற அம்மா ஒரு தொண்டு அமைப்பின் சார்பில் செம்மேட்டில் மனநல ஆலோசனை நிலையம் திறந்தபோது, என்னைத் தேடி வீட்டுக்கே வந்தார். என் பஸ்ஸில் பலமுறை வந்தவர்தான். "எனக்கு வாசல்ல உட்கார ஒரு ஆள் வேணும். வர்றவங்களை எங்க போகணும்னு கேட்க உங்களுக்குத் தெரியும். நோட்டுல பேர் எழுதுங்க, டீ போட்டுக் கொடுங்க" என்றார். அந்த வேலை மட்டும் கிடைக்காமல் இருந்திருந்தால் நான் என்ன ஆகியிருப்பேனோ தெரியாது.

நிலையம் என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். பழைய உரக்கடை. எத்தனை முறை கழுவினாலும் யூரியா வாடை போகவில்லை. முன்னறை எனக்கு, உள்ளறை அவருக்கு. உள்ளே இரண்டு நாற்காலிகள் எதிரெதிராக இல்லாமல் இரண்டுமே ஜன்னலைப் பார்த்துப் போடப்பட்டிருக்கும். இதென்ன பஸ் சீட் மாதிரி என்று ஒருநாள் கேட்டேன். "எதிரும் புதிருமா உட்கார்ந்தா இவங்களுக்குத் தாலுகா ஆபீஸ்ல மனு கொடுக்கிற நினைப்பு வந்துடும். ஒரே பக்கம் பார்த்து உட்கார்ந்தா பேச்சு தானா வரும். நீங்களே பஸ்ஸுல பாத்திருப்பீங்களே" என்றார். உண்மைதான். பக்கத்து சீட்காரரிடம் மனிதர்கள் என்னென்ன சொல்வார்கள் என்பதைப் பதினாலு வருஷம் காதால் கேட்டவன் நான்.

முதல் கால் மணி நேரம் அவர் எதையும் கேட்க மாட்டார். வந்தவர் மிளகைப் பற்றிப் பேசுவார், மரவள்ளியில் நோய் விழுந்ததைப் பேசுவார், பஸ் வராததைப் பேசுவார். அவரும் கேட்டுக்கொண்டிருப்பார். "சுத்திக்கிட்டு வரட்டும் முத்துசாமி. நம்ம மலைக்கே நேர் ரோடு போட முடியலையே" என்பார். அவருக்கு ஒரே ஒரு கண்டிப்பு உண்டு. உள்ளே பேசியது வாசற்படியைத் தாண்டாது. ஒரு முறை ஊர்ப் பெரியவர் ஒருவர் வந்து, தன் மருமகள் உள்ளே என்ன சொன்னாள் என்று அதிகாரமாகக் கேட்டார். மேடம் அவருக்கு டீ கொடுக்கச் சொன்னார். அவர் மறுபடி கேட்டார். மேடம் இன்னொரு டீ கொடுக்கச் சொன்னார். மூன்றாவது டீக்கு அவர் எழுந்து போய்விட்டார். அந்தப் பெண் தன் வாயால் வெளியே சொல்லலாம், அவள் சம்மதிக்காமல் மேடம் சொல்லக் கூடாது. இந்தக் கண்டிப்பை நீங்கள் எல்லாரும் மெச்சுவீர்கள். நானும் மெச்சினேன். அப்புறம் அதை வைத்தே அவரைக் கொன்றேன் என்று சொன்னாலும் மிகையில்லை.

வாசலில் தொங்கிய பலகையில் 'கவுன்சிலிங்' என்று பெரிய எழுத்தில் எழுதியிருந்தது. நாங்கள் திறந்த நேரமோ, இன்ஜினியரிங் சீட்டுக்கு மெட்ராஸில் கவுன்சிலிங் நடப்பது ஊரெல்லாம் பேச்சாகியிருந்த நேரம். ரிசல்ட் வந்ததும் எங்கள் வாசலுக்கு மார்க் சீட்டோடு ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். முதலில் வந்தவர், மலையில் பல ஊர்கள் சேர்ந்த பெரக்கரை நாட்டிலிருந்து நடந்தே வந்த ஒரு விவசாயி. "பையனுக்கு கம்ப்யூட்டர் சீட்டு வேணுங்க" என்று மார்க் சீட்டை என் மேஜையில் விரித்தார். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். சத்தம் கேட்டு வெளியே வந்த மேடம் சிரிக்காமல் அவரை உள்ளே அழைத்துப்போனார். ஒரு மணி நேரம் கழித்து அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார். பெண்டாட்டி இறந்து ஆறு மாதம் ஆகியிருந்ததாம், அதை அவரே போகிற போக்கில் என்னிடம் சொன்னார். மார்க் சீட்டை மறந்து வைத்துவிட்டுப் போய், மறுநாள் வந்து வாங்கிக்கொண்டார்.

அன்று மேடம் எனக்கு ஓர் உத்தரவு போட்டார். "மார்க் சீட்டோட வர்ற யாரையும் திருப்பி அனுப்பாதீங்க. எனக்கு மனசு சரியில்லை, பேசப் போறேன்னு சொல்லிட்டு இந்த ஊர்ல யாரும் வீட்டை விட்டுக் கிளம்ப முடியாது. கையில ஒரு காகிதம் இருந்தா கிளம்பலாம். காகிதத்தைப் பாக்காதீங்க, ஆளைப் பாருங்க." அதனாலேயே பலகையை மாற்றவும் அவர் சம்மதிக்கவில்லை.

புருஷன் பெண்டாட்டிச் சண்டைகளும் நிறைய வந்தன. அதற்கு அவர் வைத்திருந்தது ஒரே வழிதான். ஒருவர் சொன்னதை மற்றவர் அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். சொன்னவர் 'ஆமாம், இதைத்தான் சொன்னேன்' என்று ஒப்புக்கொண்ட பிறகே பதில் பேசலாம். கேட்க எளிதாக இருக்கிறது, வீட்டில் முயன்று பாருங்கள். அடிவாரத்திலிருந்து வந்த ஒரு தோட்டக்காரர் மூன்று வாரம் முயன்றும் மனைவி சொன்ன ஒரு வாக்கியத்தைத் திருப்பிச் சொல்ல முடியாமல், "அவ சொல்றது என்னமோ எனக்குக் காதுல உழுகுது, வாய்க்கு வர மாட்டேங்குதுங்க" என்று என்னிடம் வந்து புலம்பினார். நாலாவது வாரம் சொல்லிவிட்டார். அந்த அம்மா அழுத சத்தம் எனக்கு வெளியே கேட்டது. இருவரும் ஒரே சீட்டில் உட்கார்ந்து ஊருக்குப் போனதை என் கண்ணால் பார்த்தேன்.

நான் சொல்ல வந்தது, நிலையம் திறந்து நாலாவது வருஷம் நடந்தது. அதுவும் ரிசல்ட் வந்த வாரம். அன்று காலையிலிருந்து ஆறு பேர் மார்க் சீட்டோடு வந்துவிட்டார்கள். ஆறு பேருக்கும் நிஜமாகவே சீட்டுதான் வேண்டியிருந்தது. எனக்கு எரிச்சல் தலைக்கேறியிருந்தது. உள்ளே ஒரு குடும்பம் பேசிக்கொண்டிருந்தது. ஏழாவதாக மஞ்சள் பையோடு ஒரு பெண் வந்து நின்றாள். பதினேழு வயசு இருக்கும்.

"இங்க கவுன்சிலிங் பண்றாங்களாங்கண்ணா?"

"இது அந்தக் கவுன்சிலிங் இல்ல கண்ணு. அதுக்கு மெட்ராஸ் போகோணும். உங்க டீச்சரைக் கேளு."

"மேடம் இருக்காங்களா?"

"உள்ள ஆளு இருக்குது. நேரமாகும். எந்த ஊரு நீ?"

குண்டூர் நாட்டில் ஒரு சிற்றூரைச் சொன்னாள்.

"பஸ் கிளம்பப் போகுது. போய் ஏறிக்கோ, இதை உட்டா சாயங்காலந்தான்."

சொல்லிவிட்டு நான் ஸ்டவ்வின் பக்கம் திரும்பிக்கொண்டேன். என் முதுகுக்குப் பின்னால் அவள் இன்னும் ஏதோ சொன்னாள். பால் பொங்கிக்கொண்டிருந்தது. என்ன என்று நான் கேட்கவில்லை. திரும்பிப் பார்த்தபோது அவள் பஸ்ஸை நோக்கிப் போய்க்கொண்டிருந்தாள். ஒரு பிள்ளையைச் சரியான பஸ்ஸில் ஏற்றிவிட்டேன் என்று எனக்குத் திருப்திகூட இருந்தது. நோட்டில் பெயர் எழுதவில்லை.

பத்துப் பதினைந்து நாள் கழித்து ஒரு மனிதர் வந்தார். மலைக்காரர், ஐம்பது வயசு இருக்கும். நானும் மேடமும் வாசலில்தான் இருந்தோம். "ஏனுங்க கண்டக்டரு, எம் புள்ள இங்க வந்துச்சுங்களா? பூங்கொடின்னு பேரு. கவுன்சிலிங்குக்குப் போறேன்னு மார்க் சீட்டை எடுத்துக்கிட்டு வந்துச்சு" என்றார். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. பிறகு சொன்னார். "வீட்டுக்குத் திரும்பி வந்து நாலாம் நாள் உசுர மாச்சுக்கிச்சுங்க."

என் வாயிலிருந்து வந்த வார்த்தை இதுதான்: "வரலீங்க."

யோசித்துச் சொன்னதல்ல. ஆனால் சொன்ன பிறகு திருத்திக்கொள்ள நேரம் இருந்தது. மேடம் நோட்டை எடுத்து அவர் முன்னாலேயே புரட்டிப் பார்த்தார். பெயர் இல்லை. அந்த மனிதர் நோட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். "அப்ப எங்கதான் போச்சு? ஊருல சொல்றதுதான் நெசமாட்ட இருக்குது" என்றார். பெண் யாரோ ஒருவனைப் பார்க்கத்தான் பொய் சொல்லிவிட்டுப் போனாள் என்று ஊரில் பேச ஆரம்பித்திருந்தார்களாம். என் ஒரு சொல் அதற்கு முத்திரை குத்திவிட்டது.

அவர் போன பிறகு மேடம் என்னை எதுவும் கேட்கவில்லை. இரண்டு நாள் கழித்து, ஆளில்லாத நேரம் பார்த்து, "மேடம், நான் உங்ககிட்ட பேசணும்" என்றேன். இங்கேயே சொல்லுங்கள் என்று பக்கத்து ஸ்டூலைக் காட்டினார். "இல்லீங்க, உள்ள" என்றேன். உள்ளே போய் வருகிறவர்களின் நாற்காலியில் உட்கார்ந்தேன். ஏன் என்று இன்றைக்கு மறைக்காமல் எழுதுகிறேன். அந்த நாற்காலியில் உட்கார்ந்து சொன்னால் அவரால் வெளியே சொல்ல முடியாது என்று எனக்குத் தெரியும். என் பாரத்தை இறக்கி வைக்க வேண்டும், அது யார் காதுக்கும் போகவும் கூடாது. அவருடைய நேர்மையை வைத்தே அவர் வாயைக் கட்டினேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். ஜன்னலைப் பார்த்துக்கொண்டே கேட்டார். முடித்ததும், "திரும்பி நின்னப்ப அந்தப் புள்ள என்ன சொல்லுச்சு?" என்றார். தெரியாது என்றேன். "ஒரு வார்த்தைகூடவா?" தெரியாது என்றேன். பிறகு சொன்னார்: "அந்தச் சாவுக்கு நீங்க காரணமான்னு எனக்குத் தெரியாது முத்துசாமி. அதை யாராலயும் சொல்ல முடியாது. ஆனா அந்த ஊர்ப் பேச்சுக்கு நீங்கதான் காரணம். அவ பொய் சொல்லலைன்னு தெரிஞ்சவர் நீங்க ஒருத்தர்தான். இப்ப நானும். நான் சொல்லக் கூடாது. நீங்கதான் போய்ச் சொல்லணும்."

போகிறேன் என்றேன். போகவில்லை.

அதன் பிறகு அவர் என்னைத் தயார்ப்படுத்த ஆரம்பித்தார். பஞ்சாயத்தில் பேசப் பயந்த பெண்களையும் இன்டர்வியூவுக்குப் போக நடுங்கிய பையன்களையும் அவர் அப்படித்தான் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்குவார். "மொத்தமா நினைக்காதீங்க. இந்த வாரம் என்ன முடியும், அதை மட்டும் சொல்லுங்க" என்பார். முதல் வாரம் அந்த ஊர் பஸ்ஸில் ஏறிப்போய் இறங்காமலே திரும்பினேன். அடுத்த வாரம் இறங்கி ஒரு டீ குடித்துவிட்டு வந்தேன். மூன்றாவது வாரம் வீடு எது என்று கேட்டுத் தெரிந்துகொண்டேன். நாலாவது வாரம் வாசல் வரை போனேன். பூங்கொடியின் அம்மா களத்தில் ராகி புடைத்துக்கொண்டிருந்தார். என்னை யாரோ வழிதவறி வந்தவர் என்று நினைத்து, "தண்ணி குடிக்கறீங்களா சாமி?" என்று கேட்டார். குடித்துவிட்டு வந்துவிட்டேன். மேடத்திடம் சொன்னபோது, "சரி, அடுத்த வாரம்" என்றார். அடுத்த வாரம் இடுப்பு வலி என்றேன். அப்புறம் மழை என்றேன். அப்புறம் காரணம் சொல்வதையும் விட்டுவிட்டேன்.

மறு வருஷம் அந்தத் தாயும் தகப்பனும் எங்கள் நிலையத்துக்கே வந்தார்கள். இருவருக்கும் பேச்சுவார்த்தை நின்றுபோய், ஒரே வீட்டில் தனித்தனி அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. வந்த அன்று வாசலிலேயே ஆரம்பித்துவிட்டார்கள். "எம் புள்ள பொய் சொல்லாது. இங்கதான் வந்திருக்கும்" என்றார் அம்மா. "வரலைன்னு இவருதான் சொன்னாரே, நோட்டுலயும் இல்லயே" என்று அவர் என்னைக் காட்டினார். நான் டீ கிளாஸ்களைக் கழுவிக்கொண்டிருந்தேன். கழுவின கிளாஸையே திரும்பவும் கழுவினேன். மேடம் என் முகத்தைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை, கெஞ்சல்தான் இருந்தது. இப்போதாவது சொல்லுங்களேன் என்ற கெஞ்சல். நான் தலையைத் தூக்கவில்லை.

வேறு ஆலோசகரிடம் அனுப்புகிறேன் என்று மேடம் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். நாமக்கல்வரை போக அவர்கள் தயாராக இல்லை. மூன்று வாரம் அவர்களை உட்காரவைத்தார். 'எம் புள்ள பொய் சொல்லல' என்று தாய் சொல்ல, தகப்பன் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். அவர் வாயில் அது வரவே இல்லை, முன்னறையில் இருந்த எனக்கே கேட்டது. உண்மை தெரிந்த ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து இதைக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும் என்றால் எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். மூன்றாவது வாரம் அவர்களை அனுப்பிவிட்டு வெளியே வந்து, "என்னால உங்களுக்கு ஆகாதுன்னு சொல்லி அனுப்பிட்டேன்" என்றார். "நான் ஒரு நல்ல ஆலோசகரா இருக்கேனா, இல்ல உங்க பொய்க்குக் காவக்காரியா இருக்கேனான்னு தெரியல" என்றார். என்னிடம் அவர் கடுமையாகப் பேசியது அந்த ஒரு தடவைதான்.

அதோடு அவருக்கு வேலை ஓடவில்லை. ஜோடியாக வருகிறவர்களைப் பார்ப்பதை நிறுத்தினார். பிறகு வாரத்தில் இரண்டு நாள் வந்தார், பிறகு ஒரு நாள். அடுத்த வருஷம் நிலையத்தை மூடிவிட்டுச் சேலம் போனார். உடம்பு முடியவில்லை என்று உங்களிடம் சொன்னார். உடம்பும் முடியாமல்தான் இருந்தது. என்னை வேலையை விட்டு ஏன் அனுப்பவில்லை என்று கேட்பீர்கள். உள்ளே சொன்னதை வைத்து வெளியே நடவடிக்கை எடுக்க மாட்டார், அதுதான் அவர்.

போன வருஷம் சேலத்தில் போய்ப் பார்த்தேன். கட்டிலில் படுத்திருந்தார், பாதியாக இளைத்திருந்தார். பிள்ளைகள், இடுப்பு, மழை எல்லாம் விசாரித்தார். எப்போதும்போல் சுற்றிக்கொண்டு வந்தார். புறப்படும்போது, "போனீங்களா?" என்று கேட்டார். எங்கே என்று நான் கேட்க வேண்டியிருக்கவில்லை. "இல்லீங்க" என்றேன். "சரி, அடுத்த வாரம்" என்றார்.

கடைசியாக முகம் பார்க்க ஏன் போகவில்லை என்பது இப்போது உங்களுக்குப் புரியும். அவர் போய்ப் பதினோராம் நாள் குண்டூர் நாட்டுக்குப் போனேன். தகப்பன் மட்டும் வீட்டில் இருந்தார். அடையாளம் தெரிந்துகொண்டு, "வாங்க கண்டக்டரு" என்றார். நின்றபடியே சொன்னேன். பூங்கொடி வந்தாள், மேடத்தைக் கேட்டாள், நான்தான் திருப்பி அனுப்பினேன், வரவில்லை என்று சொன்னது பொய். அடிப்பார் என்று எதிர்பார்த்தேன், அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் உட்கார்ந்துவிட்டார்.

"அவ அம்மா தை மாசம் போயிட்டாளுங்க" என்றார். "கடைசி வரைக்கும் அதையேதான் சொல்லிக்கிட்டுக் கெடந்தா. எம் புள்ள பொய் சொல்லல, ஆமான்னு ஒருவாட்டி சொல்லுன்னா. நான் சொல்லலீங்க."

நானும் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். பிறகு, மேடம் நினைவாக ஒரு மலர் போடுகிறார்கள், அதில் இதை எழுதட்டுமா, பெயரோடு எழுதட்டுமா என்று கேட்டேன். "எழுதுங்க. யாரு படிச்சா என்ன" என்றார்.

மேடத்திடமிருந்து எனக்கு மன்னிப்பு கிடைக்கவில்லை. நான் அவரிடம் அதைக் கேட்கவும் இல்லை. அவர் எனக்காகத் தள்ளித் தள்ளிப் போட்டுக்கொடுத்த 'அடுத்த வாரம்' மட்டும் என்னிடம் இருக்கிறது. அத்தனை வாரங்களில் எந்த ஒன்றில் போயிருந்தாலும் அந்தத் தாய் கேட்டிருப்பார். இனி சொல்வதற்கு எனக்குத் தடையில்லை, கேட்க வேண்டியவர்தான் இல்லை. பூங்கொடி அன்று எங்கள் நிலையத்துக்கு வந்தாள். பொய் சொல்லவில்லை.